பயிற்சியாளரின் ஒரு போன் அழைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகனுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறான். பேஸ்பாலில் இடதுகை பிட்சர், அதாவது பந்தெறிபவன். பள்ளியின் முதன்மை அணியில் இந்த ஆண்டுதான் இடம் கிடைத்தது. மணிக்கு 79, 80 மைல் வேகத்தில் எறிகிறான். நானும் கணவரும் மதுரைப் பக்கம் வளர்ந்தவர்கள். கிரிக்கெட் தெரியும், பேஸ்பாலை மகனிடம்தான் கற்றுக்கொண்டோம். கல்லூரியில் விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் விளையாடுகிற ஒரு டிராவல் கிளப் அவனைக் கூப்பிடுகிறது. "எங்கள் பயிற்சியாளருக்கு நாற்பது கல்லூரிகளில் தொடர்பு இருக்கிறது" என்கிறார்கள். ஆண்டுக்கு 6,000 டாலர், பயணச் செலவு தனி, இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். பள்ளிப் பயிற்சியாளர் நல்லவர், ஆனால் அதிகம் பேசாதவர். அவர் மகனுக்காக யாரிடமாவது பேசுவாரா என்றே தெரியவில்லை. "சிபாரிசு இல்லாத நாடு என்றுதானே வந்தோம், இங்கேயும் அதுதானா?" என்று கணவர் கோபப்படுகிறார். பயிற்சியாளரின் தொடர்பு உண்மையில் உதவுமா? அதற்காகக் கிளப்புக்குப் பணம் கட்டலாமா? பள்ளிப் பயிற்சியாளரிடம் எப்படிக் கேட்பது?

— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

அன்புச் சகோதரிக்கு,

உதவும், அதில் சந்தேகம் வேண்டாம். எதற்கு உதவும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதைத்தான் கிளப்காரர்கள் உங்களிடம் சொல்லவில்லை. நான் பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கிறவன். விளையாட்டு மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் என் மேசையைத் தாண்டித்தான் கல்லூரிகளுக்குப் போகிறது. பயிற்சியாளர்கள் போனில் என்ன பேசுகிறார்கள் என்பதையும் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டிருக்கிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு காலண்டர் சிக்கல். கல்லூரி பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் வரை போகிறது. நம் மாநிலத்தில் பள்ளி ஆட்டங்கள் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கின்றன. உங்கள் மகன் பள்ளிக்காகப் பிரமாதமாக எறிகிற நாளில், அவனைப் பார்க்க வேண்டிய கல்லூரிப் பயிற்சியாளர் தன் அணியோடு ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் இருப்பார். அவர் ஆள் தேடிக் கிளம்புவது கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான். டிராவல் அணிகளும், திறமையைக் காட்டுவதற்கென்றே நடக்கிற ஷோகேஸ் போட்டிகளும் இத்தனை பெரிய வியாபாரமாக வளர்ந்ததற்கு இதுவே மூல காரணம். அக்டோபரில் ஃபுளோரிடாவின் ஜுபிடரில் ஒரு போட்டி நடக்கும். தொழில்முறை அணிகளுக்காக ஆள் தேடுகிற ஸ்கவுட்களும் கல்லூரிப் பயிற்சியாளர்களும் கோல்ஃப் வண்டிகளில் ஏறி மைதானம் மைதானமாகச் சுற்றுவார்கள். ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள், நூற்றுக்கணக்கான பையன்கள். எந்த மணிக்கு எந்த மைதானத்தில் போய் நிற்பது? யாரோ ஒருவர் முன்கூட்டியே போன் செய்து, "வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, ஏழாம் எண் மைதானம், இடதுகைப் பையன் ஒருவன் எறிகிறான், ஒரு பார்வை பார்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் யார் என்பதைப் பொறுத்து அவர் வண்டியைத் திருப்புவார், அல்லது திருப்பமாட்டார்.

மின்னஞ்சலிலும் இதே கதைதான். ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிற உதவிப் பயிற்சியாளருக்கு நாடு முழுவதிலுமிருந்து பையன்கள் எழுதுகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். எல்லோரும் கடின உழைப்பாளிகள், எல்லோருக்கும் அந்தக் கல்லூரிதான் கனவு. வீடியோவைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். தெரிந்த பயிற்சியாளர் சொன்ன பெயர் என்பது அந்தக் காரணங்களில் மிக வலுவானது.

அந்தப் போன் பேச்சில் பந்தின் வேகத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள் என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வேகத்தை ரேடார் கருவி காட்டிவிடுகிறது. கேட்சர் (நம் விக்கெட்கீப்பர் மாதிரி) பந்தை வாங்கி இரண்டாம் பேஸுக்கு அனுப்ப எத்தனை நொடி ஆகிறது, அறுபது கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்பதற்கெல்லாம் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. கருவிக்குத் தெரியாததைக் கேட்கத்தான் போன். பையன் தோற்றுக்கொண்டிருக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான்? உட்கார வைத்தால் சுணங்குகிறானா? மழை பெய்து ஆட்டம் நின்றால் தார்ப்பாய் இழுக்க வருகிறானா, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா? மதிப்பெண் எப்படி? கடைசியாக, அவர்கள் தயங்காமல் கேட்கிற கேள்வி: பெற்றோர் எப்படி?

ஆமாம், உங்களைப் பற்றியும் கேட்பார்கள்.

இதற்குப் பதில் சொல்கிற பயிற்சியாளர் தன் பெயரைப் பணயம் வைத்துச் சொல்கிறார். ஊரில் கூட்டுறவு வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடன் வாங்கியவன் கட்டவில்லை என்றால் அடுத்த முறை அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. 82 மைல் எறிகிறவனை 87 என்று ஒரு பயிற்சியாளர் ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த ஆண்டு உண்மையிலேயே 87 எறிகிற பையனுக்காக அவர் போன் செய்யும்போது எதிர்முனையில் எடுக்க ஆள் இருக்காது. அதனால் நல்ல பயிற்சியாளர்கள் தங்கள் வாக்கைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள். உங்கள் பள்ளிப் பயிற்சியாளரின் மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்வதற்கு இன்னும் சரக்கு சேரவில்லை என்று அவர் நினைக்கலாம்.

உங்கள் கணவருக்காக இரண்டு கதைகள். இரண்டும் அவர் கோபத்துக்கு முதலில் தீனி போடும்; கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மைக் பியாசா என்ற பையனின் தந்தை, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டாமி லசோர்டாவுக்கு நெருங்கிய நண்பர். பையனைப் பெரிய அணி எதுவும் சீண்டவில்லை. தொழில்முறை அணிகள் புது வீரர்களை முறை வைத்து எடுக்கிற டிராஃப்டில், 1988-ல், டாட்ஜர்ஸ் அவனை 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுத்தது. லசோர்டாவுக்காகச் செய்த ஓர் உதவி அது. இதை யாரும் மறைத்ததில்லை. எடுத்த பிறகும் ஒப்பந்தம் போட அவர்களுக்கு அக்கறையில்லை. லசோர்டாதான் மைதானத்துக்கு அழைத்து அடித்துக் காட்ட வைத்தார். முதல் பேஸ் விளையாடியவனைக் கேட்சர் ஆக்கலாம் என்று வாதாடினார். பச்சையான சிபாரிசு. பிறகு அந்தப் பையன் கேட்சர் வேலையைக் கற்றுக்கொள்ள டொமினிகன் குடியரசிலுள்ள டாட்ஜர்ஸ் பயிற்சிக்கூடத்துக்குப் போய், மொழி தெரியாத பையன்களோடு வெயிலில் கிடந்தான். 1993-ல் ஆண்டின் சிறந்த புதுமுகம். மொத்தம் 427 ஹோம் ரன்கள்; அவற்றில் 396 கேட்சராக விளையாடியபோது அடித்தவை, அது சாதனை. 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். லசோர்டா வாங்கிக் கொடுத்தது ஒரு நாள் மைதான நேரத்தை.

இரண்டாவது நம் மாநிலத்துக் கதை. தெற்கு நியூ ஜெர்சியின் மில்வில், பேஸ்பால் ஸ்கவுட்கள் அடிக்கடி எட்டிப்பார்க்கிற ஊர் இல்லை. குளிர் மாநிலத்துப் பையன்கள் ஆண்டுக்குச் சில மாதங்கள்தான் விளையாடுகிறார்கள், அவர்களை எடை போடுவது கடினம் என்று பல அணிகள் தயங்கும். அந்தப் பகுதியில் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆள் பார்த்துக்கொண்டிருந்தவர் கிரெக் மோர்ஹார்ட். அவர், உச்சத் தொடரான மேஜர் லீகுக்குக் கீழே இருக்கிற மைனர் லீக்கில் விளையாடிய காலத்தில் அவரோடு ஒரே அணியில் இருந்தவர் ஜெஃப் ட்ரௌட். ஜெஃபின் மகன் மைக். நண்பனின் மகன் என்பதால் மோர்ஹார்ட் அவனை மற்றவர்களைவிட நெருக்கமாகப் பார்த்தார். அப்பாவின் ஓட்டமும் கட்டுமஸ்தும் மகனிடம் இருப்பதை அவரால் அடையாளம் காண முடிந்தது. தன் அலுவலகத்தில் விடாமல் வாதாடினார். 2009 டிராஃப்டில் ஏஞ்சல்ஸ் மைக் ட்ரௌட்டை 25-வது ஆளாக எடுத்தது. அதற்கு முந்தைய 24-வது வாய்ப்பும் அதே அணியிடம்தான் இருந்தது, அதில் வேறொரு பையனை எடுத்தார்கள்! பிறகு மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கப்போகிறவனுக்காக, அவனை நன்றாக அறிந்த ஒருவர் உள்ளேயிருந்து பேசியும் அவ்வளவுதான் முடிந்தது.

இந்த இரண்டு கதையிலும் உங்கள் கணவர் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: தொடர்பு பையனுடைய தந்தையிடம் இருந்தது. இந்த நாட்டில் பேஸ்பாலில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு அது இயல்பாகக் கிடைக்கிறது. மாமா கல்லூரியில் விளையாடியிருப்பார். அப்பாவின் பழைய அறைத்தோழர் இன்று எங்கேயோ உதவிப் பயிற்சியாளராக இருப்பார். நம்மிடம் அது கிடையாது. அதனாலேயே நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரின் வாய்வார்த்தை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. 2008-ல் இந்தியாவில் நடந்த ஒரு பந்தெறிப் போட்டியில் ஜெயித்து அமெரிக்கா வந்த உத்தரப்பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அதுவரை பேஸ்பாலே விளையாடாதவர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் முன்னாள் மேஜர் லீக் பிட்சரும் பெயர்பெற்ற பயிற்சியாளருமான டாம் ஹவுஸ். அப்படி ஒருவர் பின்னால் நிற்காமல், பேஸ்பால் ஆடியே இராத இரண்டு பேர் எறிவதைப் பார்க்க எந்த ஸ்கவுட் வருவார்? வந்தார்கள், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தமும் போட்டது. இருவரும் மைனர் லீக்கில் விளையாடினார்கள். மேஜர் லீகை எட்டவில்லை. அந்த உயரத்தில் யாருடைய போனும் பந்தை எறிந்து கொடுக்காது.

இப்போது உங்கள் மகன். 16 வயதில் 80 மைல் எறிகிற இடதுகையன் நல்ல நிலையில்தான் இருக்கிறான், ஆனால் இன்று கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கல்லூரிகள் தேடுகிற ஆள் அவன் இல்லை. அவர்கள் இடதுகையர்களிடம்கூட 85-க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். பெரிய கல்லூரிகள் 90-ஐத் தொட வேண்டும் என்கின்றன. இரண்டு ஆண்டில் அவன் வளரலாம், வளராமலும் போகலாம். கூடவே கதவும் குறுகிவருகிறது. கல்லூரி மாற விரும்புகிற வீரர்கள் பெயரைப் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு விளையாடிப் பழகிய இருபது வயது ஆளை எடுக்க முடிகிறபோது பதினேழு வயதுப் பையனுக்காகக் காத்திருக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகள் பேஸ்பால் அணியில் 34 பேரை மட்டுமே வைத்திருக்கலாம். பள்ளியில் பேஸ்பால் விளையாடுகிறவர்களில் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற அமைப்பு) கல்லூரிகளின் அணிகளுக்குப் போகிறவர்கள், மூன்று டிவிஷனும் சேர்த்து, நூற்றுக்குச் சுமார் ஏழெட்டுப் பேர்.

ஆகவே, எந்தக் கல்லூரிகளோடு தொடர்பு என்ற கேள்வி முக்கியமாகிறது. சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் தென்மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரோடு கைகுலுக்குகிறாரே, அந்தத் தொடர்பு உங்கள் மகனுக்கு ஒரு பைசாவுக்கும் பயன்படாது. ரோவன், மான்ட்கிளேர் ஸ்டேட், கீன் மாதிரி நம் மாநிலத்து டிவிஷன் 3 கல்லூரிகளின் உதவிப் பயிற்சியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர் உங்களுக்கு வேண்டும். டிவிஷன் 3 என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மான்ட்கிளேர் ஸ்டேட் 1987, 1993, 2000 ஆண்டுகளில் அந்தப் பிரிவின் தேசியப் பட்டம் வென்றது, கீன் 2007-ல் வென்றது. இரண்டு ஆண்டு சமுதாயக் கல்லூரியில் விளையாடி அங்கிருந்து மேலே போவதும் மதிப்பான வழி. ஆல்பர்ட் பூஹோல்ஸ் கான்சஸ் சிட்டியில் அப்படி ஒரு கல்லூரியிலிருந்துதான் 1999-ல் 13-வது சுற்றில் எடுக்கப்பட்டார். இந்த மட்டத்தில் உங்கள் பேசாத பள்ளிப் பயிற்சியாளரின் கைபேசியில் இருக்கிற எண்கள் கிளப்பின் நாற்பதைவிடப் பயன்படலாம். நியூ ஜெர்சிப் பள்ளிப் பயிற்சியாளர்களில் பலர் இந்தக் கல்லூரிகளிலேயே விளையாடியவர்கள், அல்லது இவற்றின் பயிற்சியாளர்களோடு பல ஆண்டு பழகியவர்கள்.

கிளப்புக்கு வருகிறேன். நாற்பது கல்லூரி என்றால் நான் முதலில் கேட்பது, கடைசியாக அங்கே யாரிடம் எப்போது பேசினீர்கள் என்பதுதான். தொடர்பு என்பது இரண்டு மனிதர்களுக்கு இடையில் இருப்பது. கல்லூரியின் பெயர்ப்பலகையோடு அது ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. உதவிப் பயிற்சியாளர்கள் அடிக்கடி வேலை மாறுகிறவர்கள். இவர் நண்பர் அங்கிருந்து போய்விட்டால் அந்தக் கல்லூரி பட்டியலிலிருந்து போய்விட்டது என்று பொருள். கிளப் பக்கமும் அப்படியே: முன்பு பையன்களைச் சேர்த்துவிட்ட பயிற்சியாளர் இன்னும் அங்கே இருக்கிறாரா? உங்கள் மகனின் அணியை நடத்தப்போகிறவர் அவரா, நேற்றுக் கல்லூரி முடித்து வந்த இளைஞரா? இந்தக் கிளப்களில் முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று இருக்கும். தொடர்பெல்லாம் முதல் அணிக்கு, கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. இதை நேராகவே கேட்டுவிடுங்கள்.

கல்லூரிகளில் சேர்ந்த பையன்களின் பட்டியலைப் பெருமையாகக் காட்டுவார்கள். அதில் எத்தனை பேர் முழு ஆண்டும் அங்கே விளையாடியவர்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே கல்லூரி உறுதியான பையனை ஒரு வாரப் போட்டிக்கு விருந்தாளியாக அழைத்துவந்து, அவன் பெயரையும் பட்டியலில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கடந்த இரண்டு ஆண்டில் உங்கள் மகனைப் போன்ற, 80-களின் தொடக்கத்தில் எறிகிற பிட்சர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டு, அப்படிப்பட்ட மூன்று குடும்பங்களின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். எண் தரமாட்டோம் என்றால் விஷயம் முடிந்தது. இரண்டு வாரக் கெடு என்பது விற்பனைத் தந்திரம். இடதுகை பிட்சருக்கு எந்தக் கிளப்பும் மூன்றாவது வாரத்தில் கதவைச் சாத்தாது.

இன்னொன்று. கல்லூரி உதவித்தொகை வாங்கித் தருகிறேன், கிடைத்தால் இவ்வளவு கொடுங்கள் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்த்துவிடுவதை நிபந்தனையாக வைத்துக் கட்டணம் வாங்குவதை என்சிஏஏ விதி அனுமதிப்பதில்லை. பணம் போவதோடு மகனின் தகுதிக்கே ஆபத்து. டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, அங்கே கிடைப்பது மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி. டிவிஷன் 1-இலும் வெகுகாலம் ஓர் அணிக்கு மொத்தமே 11.7 முழு உதவித்தொகைதான் இருந்தது. அதை 27 பேருக்குப் பங்கு போட்டார்கள். முழுப் படிப்பும் இலவசம் என்ற கனவில் ஆண்டுக்கு 6,000 கட்டுகிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அப்படியானால் கிளப்பே வேண்டாமா? வேண்டும், ஏதாவது ஒன்று வேண்டும். மேலே சொன்ன காலண்டர் சிக்கல் இருக்கிறதே. கோடையில் எறியாமல் இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டான். ஆனால் நம் மாநிலத்துக்கும் பென்சில்வேனியாவுக்கும் உள்ளேயே விளையாடுகிற, பாதி விலையில் இருக்கிற ஒரு நல்ல கிளப் போதும் என்பது என் எண்ணம். ஜார்ஜியாவில் எறிந்தால் ஜார்ஜியாக் கல்லூரிகள் பார்க்கும். உங்கள் மகனுக்கு நம் மாநிலத்துக் கேம்டன் பக்கத்தில் எறிவதே நல்லது.

பள்ளிப் பயிற்சியாளரிடம் எப்படிக் கேட்பது என்றீர்கள். நீங்கள் கேட்க வேண்டாம். மகன் கேட்கட்டும். பருவம் முடிந்த பிறகு, தோற்ற ஆட்டத்துக்கு மறுநாளாக இல்லாமல் பார்த்து, "சார், கல்லூரியில் விளையாட ஆசைப்படுகிறேன். எந்த மட்டத்தில் என்னால் முடியும் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?" என்று தனியாகக் கேட்கட்டும். பதில் கசப்பாக இருக்கலாம். வாதாடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். பல பயிற்சியாளர்கள் ஒரு பையனுக்காகப் பேச முடிவெடுப்பதே அந்தப் பதிலை அவன் எப்படி வாங்கிக்கொள்கிறான் என்பதைப் பார்த்துத்தான். அடுத்து அவன் இருபது கல்லூரிகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும்: பாதி எட்டக்கூடியவை, சில கொஞ்சம் உயரமானவை, எல்லாமே பேஸ்பால் இல்லாவிட்டாலும் அவன் படிக்க விரும்புகிறவை. ஒவ்வொன்றுக்கும் அவனே எழுத வேண்டும். நீங்கள் எழுதி அவன் பெயரில் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். பதினாறு வயதுப் பையன் அவ்வளவு பணிவாக எழுதமாட்டான். இரண்டு நிமிட வீடியோ போதும், இசை வேண்டாம். பதில் வருகிற இடங்களிலிருந்து மூன்று நான்கைத் தேர்ந்து, "சார், இவர்களிடம் எனக்காக ஒரு வார்த்தை பேச முடியுமா?" என்று பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும். "எங்கேயாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் எங்கேயும் சொல்லமாட்டார். இந்தக் கல்லூரி, இந்த மனிதர், இந்தப் போட்டித் தேதி என்று கேட்டால் அன்று மாலையே செய்துவிடுவார்.

உங்கள் பங்கு சிறியது, கடினமானது. ஆட்டத்தின்போது வேலிப் பக்கம் போய்ப் பயிற்சியாளரிடம் மகனின் வாய்ப்பைப் பற்றிப் பேசாதீர்கள். மற்றப் பெற்றோரோடு சேர்ந்து, "தன் மகனைத்தான் ஷார்ட்ஸ்டாப் என்ற முக்கியமான இடத்தில் நிறுத்துகிறார்" என்று குறை சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருக்கும், பேஸ்பாலில் அது ஊருக்கு ஊர் நடக்கிறது. ஆனால் பேச்சு அவர் காதுக்குப் போய்ச் சேரும். தீபாவளிக்கு ஒரு டப்பா இனிப்புக் கொடுங்கள், தாராளமாக. அதற்கு மேல் விலையுள்ள எதையும் கொடுக்காதீர்கள்.

சிபாரிசு என்று உங்கள் கணவர் சொல்வது முழுக்கத் தவறும் இல்லை. நல்ல படிப்புள்ள கல்லூரிகளில் பயிற்சியாளர் தனக்கு வேண்டிய சிலரின் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, இவனுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்பது வழக்கம். அவர் கேட்பதற்கு அங்கே எடை உண்டு. அந்த வழியைத்தான் ரிக் சிங்கர் என்பவர் பணக்காரப் பெற்றோருக்காக விலை பேசினார். விளையாடவே செய்யாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று காட்டச் சில கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் போனது. 2019-ல் எஃப்பிஐ பிடித்தது, 2023-ல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. ஆகவே ஊழல் இங்கேயும் உண்டு. இருந்தாலும் பேஸ்பால் அணியில் பிட்சராகச் சேர்த்துவிட்ட பையன் பிப்ரவரியில் பந்தெறியும் மேட்டில் ஏறி எறிந்தே ஆக வேண்டும். எறியத் தெரியாதவனைச் சேர்த்துவிட்டவர் மறுபடி போன் செய்ய முடியாது. அந்த அளவுக்கு இந்த முறை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது, முழுவதுமாக இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் பயிற்சியாளர் பேசும்போது அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் மதிப்பெண் பட்டியல் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். நான்குக்கு 3.8 சராசரி உள்ள பையனுக்காகப் பேசுவது அவருக்கு எளிது.

வேகமாக இரண்டு விஷயங்கள். டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை மகனோடு ஆள் சேர்ப்புப் பற்றிப் பேச முடியாது. 2023-லிருந்து இதுதான் விதி. அதற்குமுன் வருகிற, கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாம்களுக்கான அழைப்புகளைப் பார்த்து மயங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கில் அனுப்பப்படுபவை. முகாம் கட்டணம் அந்த அணியின் உதவிப் பயிற்சியாளர்களுடைய சம்பளத்துக்குத் துணை. பயிற்சியாளரே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகலாம். வாய்மொழியாக இடம் உண்டு என்று யாராவது சொன்னாலும், கையெழுத்தாகும்வரை அது இரு பக்கத்தையும் கட்டாது. சொன்ன பயிற்சியாளர் வேலை மாறினால் வாக்கும் அவரோடு போய்விடும்.

கை விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாக. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி 15, 16 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்துகள். 76 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. பள்ளிப் பயிற்சியாளர் ஒரு கணக்கு வைத்திருப்பார், கிளப்காரர் வேறொரு கணக்கு, தனிப்பயிற்சி கொடுப்பவர் மூன்றாவது. மூன்றையும் கூட்டுகிறவர் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்காக 90 பந்து எறிந்தவனை, "சனிக்கிழமை ஒரு கல்லூரி ஆள் வருகிறார், இரண்டு இன்னிங்ஸ் மட்டும்" என்று கிளப் கேட்கும். தொடர்பின் பெயரால் பிள்ளைகளின் முழங்கை போவது இப்படித்தான். அந்தக் கூட்டல் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்கிற பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் இடத்தில் பெற்றோர் தலையிடுவதை எந்த நல்ல பயிற்சியாளரும் தவறாக நினைக்கமாட்டார். நினைக்கிறவர் என்றால் அவருடைய நாற்பது கல்லூரித் தொடர்பும் உங்களுக்கு வேண்டாம்.

முன்பணம் இப்போது கட்ட வேண்டாம். கிளப்பிடம் மேலே சொன்ன கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மகன் பள்ளிப் பயிற்சியாளரிடம் பேசி முடித்ததும், அந்த இருபது கல்லூரிப் பட்டியலோடு எனக்கு மறுபடி எழுதச் சொல்லுங்கள். இந்த முறை அவனே எழுதட்டும். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை.